அரைத் திருகு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன். அது வாயில் இருந்த காலத்தில் பேசியவற்றுக்கு நான் பொறுப்பல்ல. மமதா மேடம், உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காபி நன்றாக இருந்தது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

நான் கங்காதரன். கோலார் தங்கவயலில் முப்பத்தோரு வருஷம் சுரங்க மீட்புக் குழுவில் இருந்தவன். கீழே புகையோ தண்ணீரோ புகுந்தால் மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு முதலில் இறங்கும் கூட்டம் அது. நான் அதற்குக் கேப்டன். எங்களுக்கு ஒரு விதி உண்டு. குழு எட்டிய கடைசி இடத்தில் கேப்டன் பெயரையும் நேரத்தையும் கல்லில் கீறிவிட்டு வரவேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த விதியை உரக்கப் படித்துக் காட்டியது நான்தான்.

எண்பத்தாறில் ஊரிகம் பக்கத்துப் பழைய ஷாஃப்டில், கிணறுபோல் நேரே இறங்கும் சுரங்கத்தில், தண்ணீர் உடைத்துக்கொண்டது. தனி ஆளாக இறங்கி ஒன்பது பேரை முதுகில் சுமந்து வந்தேன். ஊரே அறிந்த கதை. ராஜம் டீக்கடையில் மட்டும் ஒருத்தன் கேட்டான்: "அந்த ஷிஃப்டுல எறங்கினதே ஆறு பேரு. மீதி மூணு பேர எங்கேர்ந்து இட்டாந்தே, பங்காருபேட்டை ஸ்டேஷன்லேர்ந்தா?" பொறாமை பிடித்தவன்.

நடந்தது இதுதான். மற்றவர்கள் முன்பே ஏறிவிட்டார்கள், உள்ளே சிக்கியிருந்தவன் ஒருத்தன். கேஜில், சுரங்கத்து லிஃப்டில், இறங்கினேன். தண்ணீர் முழங்கால் வரை இருந்தது. கேப்டன் என்பவன் பொறுப்பாக ஓரிடத்தில் இருக்கவேண்டும் என்று பட்டது. கேஜுக்குள்ளேயே பொறுப்பாக உட்கார்ந்துகொண்டேன். என்னோடு வந்த சைலஸ் ஷாஃப்டிலிருந்து பக்கவாட்டில் போகும் குகைக்குள் போனான். ஒரு மணி நேரம் கழித்து பாபு என்கிற தொழிலாளியை முதுகில் போட்டுக்கொண்டு திரும்பினான். "பேரு உனுக்கு, முதுகுவலி எனுக்கு" என்று சொல்லிச் சிரித்தான். அதற்கப்புறம் சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பாபு மயக்கத்தில் இருந்தான். சாட்சி என்றால் அப்படி இருக்கவேண்டும்.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள். பம்புகள் நின்றன, தண்ணீர் ஏறியது. இனி யாரும் இறங்கிப் பார்க்க முடியாது என்று தெரிந்ததும் கதைக்குக் கொஞ்சம் நகை போட்டேன். அந்தக் குகையின் கோடியில், விதிப்படி, என் பெயரை உளியால் கீறிவிட்டு வந்ததாகச் சேர்த்துக்கொண்டேன். ஸ்கெலட்டன் என்று நாங்கள் சொல்லும் பொதுக்கொட்டகையில் எந்த விசேஷம் என்றாலும் எனக்கு முன்வரிசை நாற்காலி, ஒரு சால்வை. இருபது வருஷம் நிம்மதியாகப் போனது.

அப்புறம் விநாயக் வந்தான். பாபுவின் மகன். முப்பத்தைந்து வயது, பெங்களூரில் முக்குளிக்கும் வேலை. ஷாஃப்ட் தண்ணீரைச் சோதிக்க ஒரு கம்பெனி அவனைக் கூட்டிவந்திருந்தது.

"கம்பெனிக்கு மேல்தண்ணியே போதும் மாமா. நான் கீழ வரிக்கும் போறது எனுக்காவ. உங்க பேர படம் புடிக்கணும். எங்கப்பா இருந்த வரிக்கும் உங்களத்தான் சொல்லிகினு இருந்தாரு."

எனக்குக் கண்ணில் நீர் வந்தது. காரணம் அவன் நினைத்ததல்ல.

கையில் ஒரு ரெகுலேட்டர் வைத்திருந்தான். முதுகுச் சிலிண்டரின் காற்றை வாய்க்குப் பதமாகக் கொடுக்கும் கருவி. "இன்னான்னு தெரில மாமா. இஸ்தா காத்து வரமாட்டேங்குது. மல்லுகட்ட வேண்டிகீது. மூச்சு மெஷினுன்னா இந்த ஊருல உங்களவுட்டா யாரு?"

மறுக்க முடியாத பேச்சு. சிலிண்டரில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். மூச்சு கனத்தால் பார்க்கவேண்டிய இடங்கள் அதிகமில்லை. வாய்ப்பக்கத் திருகை உள்ளே முறுக்கி வைத்திருக்கிறானா என்று பார்த்தேன், இல்லை. சிலிண்டர் வால்வு முழுக்கத் திறந்திருந்தது. பிறகு காற்றழுத்தம் காட்டும் மீட்டர். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் தலையாட்டிவிட்டு எழுந்தது. அப்படியானால் காற்று வருகிற வழியிலேயே அடைப்பு. கழற்றினேன். சின்ன ஃபில்டர், கொத்தமல்லித் துவையல் நிறத்தில் பச்சை பூத்திருந்தது. மூடியைப் போடாமல் தண்ணீரில் அலசியிருக்கிறான்.

மொத்தம் ஐந்து நிமிஷ வேலை. அந்தப் பச்சையை அப்படியே திரும்ப வைத்து மூடினேன்.

"கருவி நல்லாத்தான் கீது. கோளாறு உன் நெஞ்சுல. இந்தக் காலத்துப் பசங்களுக்கு மூச்சுகூட சும்மா வரணும்."

சிரித்தான். மூச்சு சரியாகாமல் அவன் இறங்குவது ஒரு வாரம் தள்ளிப்போனது. ஆனால் பெங்களூரில் எவனோ படித்தவன் ஃபில்டரை மாற்றிக் கொடுத்துவிட்டான். "இப்போ வெண்ண மாதிரி கீது மாமா" என்று மைசூர்பாக்கோடு வந்து நின்றான். படிப்பு நாட்டைக் கெடுக்கிறது என்று நான் சொன்னால் கேட்பாரில்லை.

மைசூர்பாக்கைச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு யோசனை சொன்னேன். "ஆழத்துல கனக்கும். பயந்து மேல வந்துடாத. பல்லக் கடிச்சிகினு நாலு மூச்சு இஸ்து வுடு, சரியாப்பூடும்." அவனிடம் நான் சொன்ன பொய் மொத்தம் இரண்டு. இது இரண்டாவது. என் வழக்கத்துக்கு ரொம்பக் குறைவு.

மறுநாள் காலை ஷாஃப்ட் வாயில் எனக்கு நாற்காலி, சாமந்தி மாலை. விநாயக் முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். "உங்க கையால தொறங்க மாமா. ராசியான கை."

சிலிண்டர் வால்வைத் திறந்தேன். அரைத் திருகு.

முழுக்கத் திறக்கப் பல சுற்று வேண்டும், என்றாலும் மேலே அரையே தாராளம். இரண்டு மூச்சு இழுத்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினான். ஆனால் அந்தக் குகை இருக்கும் ஆழத்தில், தண்ணீருக்குள் தொண்ணூறு அடியில், ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறக்குறைய நாலு மடங்கு காற்று வேண்டும். அரைத் திருகில் அது வராது. மீட்டர் முள்ளை ஒருமுறை பார்த்துக்கொண்டே இழுத்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பெரியவர் கை வைத்ததைச் சோதிப்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பான். வளர்ப்பு அப்படி.

அவன் இடுப்பில் கட்டிய கயிறு இருபது நிமிஷம் ஒழுங்காக இறங்கியது. அப்புறம் ஆடியது. உடனே மேலே வந்திருந்தால் பிழைத்திருப்பான். வரவில்லை, நாலு மூச்சு பல்லைக் கடித்துப் பார்த்திருக்கிறான். பெரியவர்கள் பேச்சைக் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவனை வெளியே இழுத்ததும் முதலில் ஓடி வால்வைத் தொட்டவன் நான்தான். மூடுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். முழுக்கத் திறந்துவைத்தேன்.

நீங்கள் விபத்து என்று எழுதிவிட்டீர்கள். எழுத்து அழகாக இருக்கிறது. பிறகு ஏன் வலிய வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். எழுபத்துநாலு வயதில் ஒருவனுக்கு மிச்சம் இருப்பது பெயர் ஒன்றுதான். அதைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். கீழே என் பெயர் இல்லை என்று அவன் மேலே வந்து சொல்லியிருந்தால் அந்த நாற்காலி என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். அதில் நியாயம் இருப்பதாகத்தான் நேற்று மாலைவரை எனக்குப் பட்டது.

நேற்று மாலை நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வந்தீர்கள். "அஜ்ஜா, இல்லி நோடி", தாத்தா இங்கே பாருங்கள் என்று கன்னடத்தில் சொல்லி, அவன் தலையில் கட்டியிருந்த கேமராவில் பதிந்ததைப் போனில் காட்டினீர்கள். குகையின் கோடிச் சுவரில், சைலஸின் கோணல் கையெழுத்தில், கேப்டன் கங்காதரன் என்று கீறியிருக்கிறது. கீழே நேரமும் போட்டிருக்கிறது.