ஆற்று நீரில் மருந்து கண்டவருக்கு, அதை அழித்தவர்கள் எழுதும் மடல்

கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கண்ணெனக் காத்த பெருமாட்டியே! திபிலிசி நகரின் இந்த ஆய்வகத்தில் நாற்பத்தோர் ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் குனிந்து, எவர் முன்னும் குனியாத எங்கள் மூத்தவரே! வணக்கத்துக்குரிய சியாலா க்வெலெசியானி அம்மையாரே! தங்களைப் பாராட்டும் தகுதி எங்களுக்கு இல்லை. பணி ஓய்வு விழாவில் மடல் வாசிப்பது வழக்கம் என்பதால் வாசிக்கிறோம்.

பணியில் சேர்ந்த அன்று எங்கள் ஒவ்வொருவரையும் மேசையருகே நிற்கவைத்துத் தாங்கள் சொன்ன பாடம் இன்னும் செவியில் நிற்கிறது.

"பாக்டீரியா தனி ஆளு. தானே தின்னும், தானே ரெண்டாப் பிரியும். வைரஸுக்கு வாயும் இல்ல, வயிறும் இல்ல. அடுத்தவன் உடம்புக்குள்ள புகுந்தாத்தான் பொழப்பு. நாம வளர்க்கிற வைரஸ் மனுஷனைச் சீண்டாது. பாக்டீரியா மேல காலை ஊனி உக்காரும், ஓட்டை போடும், தன் மரபுச் சரடை உள்ள இறக்கும். அப்புறம் பாக்டீரியா தன் வேலையை மறந்துட்டு வைரஸையே செஞ்சு தள்ளும். அரை மணியில அது வெடிச்சு நூறு வெளிய வரும். ஆனா ஒவ்வொண்ணும் தனக்குன்னு உள்ள கிருமியைத்தான் தொடும். அதான் இத்தனை குப்பி. எதையும் வேண்டாததுன்னு நினைச்சிடாதீங்க."

நம் ஓட்டுநர் நோதாரின் காலில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி புகுந்தது. காலை வெட்ட நாள் குறித்தார்கள். மருத்துவமனைச் சாக்கடை மத்குவாரி ஆற்றில் கலக்கும் இடத்தில் தாங்கள் வாளியோடு இறங்கினீர்கள். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையில் நின்றோம். "கிருமி எங்க இருக்கோ, அதைத் தின்னுறதும் அங்கதான் இருக்கும்" என்றீர்கள். பல நாள் தேடலுக்குப் பின் அந்த வைரஸ் கிடைத்தது. புண்ணில் ஊற்றினீர்கள். மூன்று வாரத்தில் நோதார் எழுந்து நடந்தார்.

"டாக்டரம்மா, இந்தக் கால் உங்களுது. எங்க போகணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார் அவர்.

பிறகு வந்த இயக்குநருக்கு, வைரஸ் குப்பிகள் இருந்த குளிரறை தேவைப்பட்டது. அங்கே விருந்தினர் கூடம் அமைக்க விரும்பினார். "பழைய சாக்கடைத் தண்ணியை எத்தனை காலம் கட்டி அழுறது?" என்றார். நாங்கள் சிரித்தோம். அறுநூற்று நாற்பது குப்பிகளையும் அழிக்கச் சம்மதமா என்று கேட்டபோது தங்களைத் தவிர அனைவரும் கை தூக்கினோம்.

"சிரிங்க, பரவாயில்ல. ஒரு வாரம் குடுங்க, முக்கியமானதையாவது எடுத்துக்கிறேன்" என்றீர்கள். ஒரு நாள்கூடத் தரவில்லை. மறுநாள் காலை அத்தனையையும் கொதிநீராவிக் கலனில் வேகவைத்தோம்.

சென்ற வசந்தத்தில் நோதாரின் மகள் லமாராவுக்குப் பிரசவத்துக்குப் பின் இரத்தத்தில் அதே கிருமி. நோதார் ஓடிவந்தார்.

"அம்மா, என் காலுக்கு ஊத்தின அந்தக் குப்பி எங்க?"

"இல்லப்பா, கெட்டுப்போச்சு" என்றீர்கள். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறுபத்தைந்தாம் வயதில் மீண்டும் ஆற்றில் இறங்கினீர்கள். ஆறாம் நாள் வைரஸ் கிடைத்தது. லமாரா நான்காம் நாளே போய்விட்டாள்.

நோதார், பின்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். அந்தக் குப்பி கெட்டுப்போகவில்லை. நாங்கள்தான் அழித்தோம். அன்று முதல் எங்களைத் தினமும் வண்டியில் ஏற்றி வீட்டில் இறக்குகிறீர்கள். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அம்மையாரே! எங்களுக்காகத் தாங்கள் சொன்ன பொய்யைத் தங்கள் முன்னிலையிலேயே உடைத்துவிட்டோம். அதற்காகச் சினந்தாலும் சரி.

நோயின்றி நூறாண்டு வாழ்க! இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை, அஞ்சிச் சொல்கிறோம். தங்களுக்கு ஒரு நோய் வந்தால் கொடுப்பதற்கு எங்களிடம் மருந்து எதுவும் இல்லை.

இங்ஙனம்,
கை தூக்கிய பதினான்கு பேர்