ஆறு வருஷமாப் புகாரே இல்லையாம்

காலைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க சார், ஈரத்துணி. எந்திரிக்க வேணாம், உக்காருங்க. புகார் குழுத் தலைவிக்காகத்தானே காத்துக்கிட்டிருக்கீங்க? வருவாங்க. மேனேஜர் ரூம்ல பாடம் நடக்குது, நீங்க எதைக் கேட்டா என்ன சொல்லணும்னு. அது முடியிறதுக்குள்ள நான் இந்த ரூமையும் துடைச்சாகணும், உங்ககிட்ட ஒரு விஷயமும் சொல்லியாகணும்.

பொம்பளைங்க புகாரைப் பத்திக் கேக்க கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஒரு ஆம்பளையை அனுப்பியிருக்காங்களேன்னு முதல்ல எரிச்சலாத்தான் வந்துச்சு. கோவிச்சுக்காதீங்க. ஃபைலைப் படிச்சிட்டீங்களா? ஆமா, ஆறு வருஷமாப் புகாரே இல்லைன்னு எழுதியிருக்கும். முந்நூறு பொம்பளைங்க சட்டை தைக்கிற இடம் சார் இது. எல்லாரும் தெய்வமா இருக்காங்க போல. சிரிக்காதீங்க, எனக்குச் சிரிப்பு வரல.

எட்டு வருஷமா இங்க பெருக்கித் துடைக்கிறேன். கக்கூஸ் கழுவுறவளுக்குத் தெரியாத சங்கதி ஒரு கம்பெனில இருக்குமா? குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவாளுங்க, சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு. ரெண்டாவது லைன் சூப்பர்வைசருக்கு நாங்க வச்ச பேரு கோந்து. தையலைப் பாக்குற மாதிரிக் குனிவான், அப்படியே ஒட்டிக்குவான். மிஷின் ஓடுறப்ப கையை எடுத்தா ஊசி விரல்ல ஏறிடும். அது அந்த நாய்க்கு நல்லாத் தெரியும், அதான் ஓடுறப்பவே வருவான்.

போன திங்கக்கிழமை பட்டன் வைக்கிற பொண்ணு ஒருத்தி அவன் கையைத் தட்டிவிட்டா. பத்தொம்பது வயசு. நகத்தோட ஊசி இறங்கிடுச்சு. எல்லாரையும் மாதிரிக் குழாயைத் திறந்துட்டு அழுவான்னு பாத்தேன். அவ ஒரு தாள்ல எல்லாத்தையும் எழுதி, நோட்டீஸ் போர்டுல புகார் குழுத் தலைவி யாருன்னு பேரைப் பாத்து, தேடிப் போய் அவ கையிலயே குடுத்தா.

அந்தத் தலைவி என்ன பண்ணா தெரியுமா? தாளை நேரா மேனேஜர்கிட்ட கொண்டுபோய்க் குடுத்துட்டா. அவர் நாலாக் கிழிச்சுப் போட்டார். மறுநாள் அந்தப் பொண்ணைக் கேட்லயே நிறுத்திட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் வெளியதான் நிக்கிறா, கட்டுப் போட்ட விரலோட. வர்றப்ப பாத்திருப்பீங்களே? ஆங், அவதான்.

கோந்து மேல எனக்குக் கோவம் இருக்கு, மேனேஜர் மேலயும் இருக்கு. ஆனா அந்தத் தலைவியை நினைச்சாத்தான் சார் வயிறு எரியுது. ஆறு வருஷமா நோட்டீஸ் போர்டுக் கண்ணாடிக்குள்ள அவ பேரு இருக்கு. வருஷா வருஷம் தாளை நீட்டுவாங்க, என்ன ஏதுன்னு படிக்காமக் கையெழுத்துப் போட்டிருக்கா. ஒவ்வொரு தாள்லயும் புகார் எதுவும் இல்லைன்னு எழுதியிருந்திருக்கு. நாலு வருஷத்துக்கு முன்னாடி காலர் தைக்கிற ஒருத்தி, மூணு பிள்ளைக்காரி, அவ கண் முன்னாடிதான் அழுதா. முகத்தைக் கழுவிட்டுப் போய் வேலையைப் பாருன்னு சொல்லி அனுப்பினா இவ. அவ ஒரே வாரத்துல வேலையை விட்டுட்டா. இவளெல்லாம் ஒரு பொம்பளையா?

இல்ல சார், இப்ப வரப்போறது அவ இல்ல. அவளை இன்னைக்கு லீவு போட்டுட்டு வீட்டுல கிடன்னு சொல்லிட்டாங்க. இப்ப நல்லா உடுத்திக்கிட்டு, நான்தான் தலைவின்னு வருவாங்க பாருங்க, அது மேனேஜரோட அண்ணி. கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி நோட்டீஸ் போர்டு எங்க இருக்குன்னு மட்டும் கேளுங்க. முழிப்பாங்க.

எனக்கு எப்படி இவ்வளவும் தெரியும்னா... கதவை ஒரு பார்வை பாத்துக்கோங்க சார். சோப்பும் கையுறையும் குடுக்கிறப்ப ஒரு தாள்ல கையெழுத்து வாங்குவாங்க. சோப்புக் கணக்குன்னு நினைச்சேன். போர்டுக் கண்ணாடியைத் தினமும் துடைக்கிறேன், துடைக்கிறதை யாரு நின்னு படிக்கிறா? அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறப்பதான் உள்ள இருந்த பேரைப் பாத்தேன். இன்னைக்கு வராதேன்னுதான் சொன்னாங்க. பக்கெட்டைத் தூக்கிட்டு வந்தா வாட்ச்மேன் முகத்தைப் பாக்க மாட்டான், வந்துட்டேன்.

இந்தாங்க என் அடையாள அட்டை, போர்டுல இருக்கிற பேரோட ஒத்துப் பாத்துக்கோங்க. இது அந்தப் பொண்ணு மறுபடி எழுதிக் குடுத்த தாள், கொஞ்சம் ஈரமாயிடுச்சு. பேனா இருக்கா சார்? புகாரை வாங்கிக்கிட்டேன்னு நான் கையெழுத்துப் போடணும். இருங்க, இந்த வாட்டி முழுசாப் படிச்சிட்டுப் போடுறேன்.