மூணு புள்ளி

அண்ணி: வண்டியத் திருப்பாத தம்பி.

கொழுந்தன்: திருப்பல அண்ணி... ஓரமா நிறுத்துறேன். மழையில முன்னாடி ரோடே தெரியல.

அண்ணி: அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் மழை நல்ல சாக்கு. உங்க அண்ணனும் போன்ல அதையேதான் பாடுறார். வழுக்கும், அட்டை கடிக்கும்...

கொழுந்தன்: அட்டை நிஜமாவே கடிக்கும்.

அண்ணி: எங்க ஹோட்டல் சமையல்கட்டுல மேனேஜரே கடிக்கிறார். அட்டை அதைவிடவா?

கொழுந்தன்: அருவியப் பாத்துட்டுத் திரும்பிடலாமே. ஊர் சுத்திப் பாக்க வர்றவங்க அதோட போயிடுவாங்க.

அண்ணி: நான் ஊர் சுத்த வந்தவளா? புருஷன் போட்ட தோட்டத்தப் பாக்க வந்திருக்கேன். ஒரே தீவு, நடுவுல ஒரு மலை. அந்தப் பக்கம் நாங்க ஒரு குடம் தண்ணிக்கு நாயா அலையிறோம். இங்க பாறையெல்லாம் ஒழுகுது... அது என்ன, குடை அளவுக்கு இலை?

கொழுந்தன்: சேம்பு. மேட்டுல வாழை. அடிமரத்துலயே காய் ஒட்டிக்கிட்டு இருக்கே, அது கோகோ.

அண்ணி: வெனிலா எங்க?

கொழுந்தன்: அது... இன்னும் உள்ள போகணும்.

அண்ணி: போ.

கொழுந்தன்: அண்ணி, உங்கள அருவியோட திருப்பிக் கூட்டிட்டுப் போகச் சொன்னதே அண்ணன்தான்.

அண்ணி: ஏன்?

கொழுந்தன்: அது வந்து...

அண்ணி: மென்னு முழுங்காத.

கொழுந்தன்: வெனிலாப் பூவ ஒவ்வொண்ணா கையால மகரந்தம் தொட்டு வச்சாத்தான் காய் பிடிக்கும். கொத்துல பாதியத் தொடாம விட்டுடணும், இல்லன்னா கொடி தாங்காது. அண்ணன் ஒண்ணுகூட விடாம எல்லாத்தையும் தொட்டுட்டார். உங்களச் சீக்கிரம் இங்க கூட்டிக்கணும்னு அவசரம்... காய் முத்துறதுக்குள்ள கொடியெல்லாம் அழுகிப் போச்சு.

அண்ணி: எல்லாமா?

கொழுந்தன்: ஒண்ணுகூட மிஞ்சல. உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தவிக்கிறார். நான் சொன்னதா காட்டிக்காதீங்க.

அண்ணி: சரி, வண்டிய எடு. வழியில மேட்டுல ஒரு வீடு வருமே, அதோட வாசல்ல நிறுத்து.

கொழுந்தன்: அந்த வீட்டுலயா... அங்க எதுக்கு?

அண்ணி: ஏன் வேர்க்குது உனக்கு? போன மாசம் அண்ணன் தோட்டத்துக் காய்னு ஒரு கட்டு குடுத்தியே.

கொழுந்தன்: ஆமா... நல்லா மணந்துச்சே.

அண்ணி: மணந்துச்சு. திருட்டுப் போகாம இருக்க, காய் பச்சையா இருக்கும்போதே அவங்கவங்க ஊசியால ஒரு அடையாளம் குத்திடுறீங்க இல்ல? காய்ஞ்சாலும் தழும்பு இருக்கும். உங்க அண்ணனுக்கு மூணு புள்ளின்னு சொல்லிக் குடுத்ததே நான்தான். நீ கொண்டுவந்த காயில வட்டம் இருந்துச்சு.

கொழுந்தன்: அய்யோ... வெறுங்கையோட வர மனசில்லாம அங்க வாங்கினது. அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும். எதுக்கு என் வாயக் கிளறினீங்க?

அண்ணி: நீயா சொல்றியான்னு பாத்தேன். வட்டம் யாரோடதுன்னு சந்தையில விசாரிச்சு, அந்த மேட்டு வீட்டுக்காரர்கிட்ட போன்லயே பேசிட்டேன். நடுறதுக்குக் கொடி வெட்டி வச்சிருக்கார். வீடு வந்தாச்சு, இறங்கி ஏத்து.

கொழுந்தன்: பூக்கவே மூணு வருஷம் ஆகும் அண்ணி. அதுவரைக்கும் அண்ணன் இங்க, நீங்க அங்க... கொடி ஏத்த இடமும் இல்ல. ரெண்டு நாளைக்குத் துணின்னு இவ்வளவு பெரிய பெட்டியக் கொண்டு வந்திருக்கீங்க.

அண்ணி: பெட்டிய என் மடியில வை. அங்க வேலையையும் விட்டுட்டேன், வீட்டையும் காலி பண்ணிட்டேன்... மிச்சம் இருக்கிறது இந்தப் பெட்டி மட்டும்தான்.