குறுக்கே வைத்த இரண்டு கிளைகள்

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் கேரவன் வீட்டில் குளிர் முதலில் காலைத்தான் பிடிக்கும். அடுப்பின் சூடு தலைக்கு மேலே நின்றுகொள்ளும், தரையோ சில்லிட்டுக் கிடக்கும். அதற்காகவே என் மனைவி ஹிஸ்கே குளிர்காலம் முழுவதும் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை போடுவாள். அன்றும் போட்டிருந்தாள். போன முறை இந்தக் காவல் நிலையத்தில் நீங்கள் விசாரித்தபோது இதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

போன முறை என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டீர்கள். காப்பி ஊற்றிக் கொடுத்தீர்கள், பட்டைத்தூள் போட்ட ரொட்டியும் கொடுத்தீர்கள். என் பேச்சை உங்களுக்கு மொழிபெயர்த்த பெண் நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஹாலந்துக்காரருக்கு நம்ம ஏரியைப் பத்தி என்ன தெரியும், பாவம்" என்று அவளிடம் மெல்லச் சொன்னீர்கள். எனக்கு அது புரிந்தது. எத்தனையோ குளிர்காலம் ஸ்வீடனுக்கு வந்து போனவன் நான், உங்கள் மொழி எனக்கு நன்றாகவே புரியும். அதனால்தான் இன்று அந்தப் பெண் வேண்டாம் என்றேன்.

நான் வந்திருப்பது யால்மருக்காக. ஏரிக்கரையில் கேரவன் நிறுத்தும் முகாமை நடத்துகிறாரே, அவர்தான். "சைகை காட்டியாவது அந்த மனுஷனுக்குப் புரிய வச்சிருக்கணும், என்னாலதான் போச்சு" என்று சொல்லிச் சொல்லி அவர் சாப்பாட்டையே விட்டுவிட்டாராம். செய்யாத தப்புக்கு ஒருவர் இப்படி வதைபடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் அநியாயக்காரன் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். அது எங்கள் கடைசிப் பயணம். இலையுதிர் காலத்தில் ஹாலந்தில் எங்கள் மாகாணமான ஃப்ரீஸ்லாந்தில் கிளம்பி, நார்வேக் கரையோரமாகவே வடக்கே போய், அங்கே இருட்டு மாதங்களைக் கழித்துவிட்டு, ஸ்வீடன் வழியாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தோம். ஊர் போய்ச் சேர்ந்ததும் கேரவனை ஒரு இளம் தம்பதிக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஸ்னேக் நகரத்தில் எங்களுக்கு ஒரு அடுக்குமாடி வீடு தயாராக இருந்தது. கீழ் வீட்டில் நாங்கள், மேல் வீட்டில் ஹிஸ்கேயின் அக்கா ஆக்கேயும் அவள் கணவரும். ஹிஸ்கேக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஜன்னல் திரைக்கு என்ன துணி என்று நார்வேயிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள். நான் வாழ்நாளெல்லாம் பால் லாரி ஓட்டியவன். ஒரே ஜன்னலில் ஒரே தெருவைப் பார்த்துக்கொண்டு, தினம் பத்து மணிக் காப்பிக்கு ஆக்கேயின் இடுப்புவலிக் கதையைக் கேட்டுக்கொண்டு இருப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. ஆனால் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். ஹிஸ்கே எதைக் கேட்டாலும் நான் சரி என்றுதான் சொல்வேன்.

யால்மரின் முகாமில் ஒரு நாள் தங்குவதாகத்தான் வந்தோம். எதிர்க்கரையில் ஊர், கடை, தொலைபேசி, பேருந்து எல்லாம் அங்கேதான். சாலை ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும், உறைந்த ஏரி மேல் நடந்தால் கிட்டம். வழி தெரிவதற்காக யால்மர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பனிக்கட்டியில் ஊசியிலைக் கிளைகளை வரிசையாக நட்டிருப்பார். ஹிஸ்கேக்கு முழங்கால் வலி, அதனால் ரொட்டி வாங்க நான்தான் போவேன்.

சாயங்காலம் சிற்றலை வானொலியில் எங்கள் நாட்டுச் செய்தி வரும். செய்தி முடிந்ததும், வெளிநாட்டில் ஊர் சுற்றிக்கொண்டிருப்பவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். இன்ன குடும்பம், இன்ன நிறக் கார், இன்ன எண், உடனே வீட்டோடு தொடர்பு கொள்ளவும் என்று. கேரவன்காரர்கள் அதைக் கேட்காமல் தூங்கப் போகமாட்டோம். நம் பெயர் வராத வரையில் நல்லது. முகாமுக்கு வந்த அன்றே எங்கள் பெயர் வந்தது. ஹிஸ்கே முகாமின் பொதுக் கழுவுமிடத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பாளர் எங்கள் கார் எண்ணை இரண்டாம் முறை வாசிக்கத் தொடங்கியபோது நான் வானொலியை அணைத்துவிட்டேன்.

"என்ன, இன்னைக்கு யாரையும் கூப்பிடலையா?" என்று தட்டுகளோடு உள்ளே வந்தாள்.

"பேட்டரி போச்சு."

"புதுசு போட்டு நாலு நாள்கூட ஆகல. நீ வாங்கற சாமானெல்லாம் உன்னை மாதிரிதான், கெழவா. தொட்டதுக்கெல்லாம் மக்கர்."

சிரித்தோம். அன்று பட்டாணி சூப் நன்றாக வந்திருந்தது.

மறுநாள் ரொட்டி வாங்கப் போனபோது கடையிலிருந்து எங்கள் ஊருக்குப் போன் பேசினேன். ஆக்கேயின் கணவர் எடுத்தார். ஆக்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள், ஹிஸ்கே எங்கே ஹிஸ்கே எங்கே என்று கேட்டபடி இருக்கிறாள் என்றார். கிளம்பிவிட்டோம், பனியால் சாலை அடைபட்டிருக்கிறது என்று சொன்னேன். உண்மையிலேயே கிளம்புவதாகத்தான் இருந்தேன். ஆனால் கேரவனுக்குத் திரும்பியபோது ஹிஸ்கே படிக்கட்டில் உட்கார்ந்து வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். வாரக்கணக்கில் பார்க்காத வெயில். இந்த ஒரு நாள் இருக்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. என் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அடுத்த நாள் காரில் ஒரு கம்பியைக் கழற்றி வைத்தேன். கார் கிளம்பவில்லை, உதிரிப் பாகம் நகரத்திலிருந்து வர வேண்டும் என்றேன். அடுத்த தடவை நான் ஊருக்குப் பேசியபோது ஆக்கே இறந்துபோயிருந்தாள். அடக்கமும் முடிந்திருந்தது. ஹிஸ்கே சார்பில் ஆறுதல் சொன்னேன். அவள் அழுது ஓய்ந்து படுத்திருக்கிறாள், பேசும் நிலையில் இல்லை என்றேன்.

இப்போது என் நிலைமை உங்களுக்குப் புரியும். ஊருக்குத் திரும்பினால் நான் மறைத்தது அவளுக்குத் தெரிந்துவிடும். போகாமலும் எத்தனை நாள் இருப்பது? ஹிஸ்கேயின் நிம்மதிக்கு வந்த அந்த ஆபத்தை எப்படித் தடுப்பது என்றே தினமும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள், எனக்குக் கண் கலங்கும். அவள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். அதில் உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது.

இடையில் எங்கள் நாட்டு ஹேக் நகரத் தம்பதி ஒன்று கேரவனோடு வந்து ஒரு இரவு தங்கிவிட்டுப் போனது. கிளம்புகிற அவசரத்தில் அந்த அம்மாள் கார் ஜன்னல் வழியாக, "உங்களைத்தானே ரேடியோவில கூப்பிட்டாங்க? வீட்டில எல்லாம் சுகம்தானே?" என்று ஹிஸ்கேயிடம் கேட்டதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். நான் அப்போது தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க ஹிஸ்கே அதிகம் பேசவில்லை என்பது உண்மைதான். குளிர் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் கேட்டாள்: "டூவே, ரேடியோ நின்னுபோச்சே, அதுக்கு முன்னாடி ஏதாவது சொல்லிச்சா?"

"பனி வரும்னு சொல்லிச்சு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லையே."

அவள் பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

எங்கள் ஊரில் பிறந்தநாள் நாட்காட்டி கழிப்பறையில்தான் தொங்கும். தினம் கண்ணில் பட வேண்டும், ஒருவர் பிறந்தநாளும் தவறிவிடக் கூடாது என்பதற்காக. எங்கள் கேரவனின் குறுகல் கழிப்பறையிலும் ஒன்று தொங்கியது. ஆக்கேயின் பிறந்தநாள் அந்த வாரத்தில் வருகிறது என்பது எனக்கு நினைவில் இல்லை. ஹிஸ்கேதான் சொன்னாள்.

"நாளைக்கு ஆக்கே பொறந்தநாள். போன் பண்ணலைன்னா ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவா. ஏரி தாண்டிக் கடைக்கு நானே போயிட்டு வரேன்."

"உன் முழங்காலோட எங்க போவ? நான் போய்ப் பேசிட்டு வரேன்."

"என் அக்காவுக்கு நீ எதுக்கு வாழ்த்துச் சொல்றது? நானே போறேன்."

அன்று காலைதான் யால்மர் காலால் உந்தும் சறுக்குவண்டியில் வந்து போயிருந்தார். நாலைந்து நாளாகக் காற்றில் குளிர் குறைந்திருந்தது. "ஓடை வந்து சேர்ற எடத்துல அடியில தண்ணி பனியைத் தின்னுட்டு இருக்கு. பழைய வழியில குறுக்கே கிளை வச்சு அடைச்சிட்டேன். படகுத்துறையிலிருந்து புது வழி நட்டிருக்கேன், அதுல போங்க. உங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லிடுங்க" என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அவர் உங்கள் மொழியில் சொன்னதால் எனக்குப் புரியவில்லை என்று போன முறை சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். குறுக்கே இரண்டு கிளை கிடந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எங்கள் கிராமத்துச் சறுக்குச் சங்கத்தில் பனிக்கட்டி பார்க்கிறவர் என்று ஒருவர் உண்டு. கால்வாய் உறைந்ததும் துளை போட்டுக் கனம் பார்த்து, அவர் போகலாம் என்ற பிறகுதான் ஊர்ப் பிள்ளைகள் சறுக்குக் காலணியைக் கட்டுவார்கள். பலவீனமான இடங்களில் அவர்தான் கிளை வைத்து அடைப்பார். லாரியை விட்டு இறங்கிய நேரமெல்லாம் நான் செய்த வேலை அது. என் காலத்தில் ஒரு பிள்ளைக்கும் கால் நனைந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் முதலில் எழுந்தேன். பழைய வழியின் தலைப்பில் கிடந்த இரண்டு கிளைகளையும் எடுத்து வந்து கேரவன் சக்கரத்துக்கு அடியில் திணித்தேன். சக்கரம் பனியில் புதைந்தால் எல்லோரும் செய்வதுதான். நீங்களும் வந்து பார்த்து, ஒன்றும் தெரியாத மனிதர் என்று முடிவுகட்டினீர்கள்.

பிறகு காப்பி போட்டேன். ஹிஸ்கே எழுந்து வந்தாள். வீட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவருடைய சொந்தக்காரர்களுக்கும் கைகொடுத்து வாழ்த்துவது எங்கள் வழக்கம். நான் அவள் கையைப் பிடித்து, இந்தக் கன்னம், அந்தக் கன்னம், மறுபடி இந்தக் கன்னம் என்று மூன்று முத்தம் கொடுத்தேன்.

"அக்கா பொறந்தநாளுக்கு வாழ்த்துக்கள், ஹிஸ்கே."

அவள் கையை விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற ஏதாவது சொல்லணுமா, டூவே?" என்றாள்.

"பத்திரமா போயிட்டு வா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நன்றி" என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

சிவப்புத் தொப்பியை நான்தான் காது மூடும்படி இழுத்து விட்டேன். பையை எடுத்துக் கொடுத்தபோது கனமாக இருந்தது. போன் பேசிவிட்டு வருகிறவளுக்கு இவ்வளவு கனம் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது, கேட்கவில்லை. கரையில் பழைய வழியின் தலைப்பில் நின்று, "கிளை போற வழியிலயே போகணும், இல்லையா?" என்றாள். ஆமாம், கிளை போகிற வழியிலேயே போ என்றேன்.

ஏரியிலிருந்து எடுத்த பையில் இருந்ததையெல்லாம் இன்று மேஜையில் பரப்பி வைத்திருக்கிறீர்கள். பாஸ்போர்ட், இரவு உடை, பல் துலக்கும் பிரஷ், பின்னி முடிக்காத ஸ்வெட்டர். கழிப்பறையிலிருந்து கழற்றிய நாட்காட்டி. பேருந்து பிடிக்கப் போனவளின் பை என்கிறீர்கள். என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள் என்று நான் சொல்ல வேண்டும் என எதிர்பார்க்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை. ஹிஸ்கே எப்போதுமே தேவைக்கு மேல் கட்டிக்கொண்டு கிளம்புகிறவள். அந்த ஸ்வெட்டர் என் அளவு. வேண்டுமானால் கைநீளம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் செய்ததை எழுதிக்கொள்ளுங்கள். கிளைகளை எடுத்தது நான், வழி சொன்னதும் நான். அக்கா செத்துப்போன செய்தி அந்தக் கரையில் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதை அவள் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். ஆனாலும் அவளைச் சாகச் சொல்லி நான் அனுப்பவில்லை. பனிக்கட்டி தாங்கியிருக்கலாம். அவள் ஒல்லியானவள், மெதுவாக நடக்கிறவள். முடிவைப் பனிக்கட்டியிடமே விட்டுவிட்டேன், அவ்வளவுதான். கடைசி வரை அவள் திரும்பி வருவாள் என்ற நினைப்பிலேயே இருந்தேன். அது மட்டும் என் மனசாட்சிக்குத் தெரியும்.

அவள் போனதும் உள்ளே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்துக்கொண்டேன். நடு ஏரி போவதற்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், நான் கையசைத்தேன், தெரிந்ததோ என்னவோ. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, மதியச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தேன். உரித்ததைத் தண்ணீரில் போட்டு, பாத்திரத்தை அடுப்பில் ஏற்றும்போதுதான் உள்ளே பார்த்தேன். ஒரு ஆளுக்கு அளவாகத்தான் உரித்திருந்தேன். வெளியே அந்தச் சிவப்புத் தொப்பி அப்போதும் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.