சொருகி வைத்த தீக்குச்சி

பிள்ளைகளே, அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில், ஒரே கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர் என் முன் சீட்டில் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"மச்சான், இன்னிக்குப் பூரா உன் இடது கையத்தான் பாத்துகினு இருந்தேன். என் வேலையே ஓடல."

"ஏன், என் கைக்கு இன்னா?"

"தகடு வெட்டுற மிஷினு அது. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அழுத்துனாத்தான் பிளேடு எறங்கணும். நீ ஒண்ணுல தீக்குச்சி சொருகிட்டு ஒத்தக் கையால ஓட்டுற."

"அதான் வேகமா ஓடுது. சூப்பர்வைசரே மெச்சிகினு கீறாரு. உனக்கு வயித்தெரிச்சல்."

"அந்த சும்மா கீற கை இன்னிக்கு பிளேடுக்கு அடில போச்சு. நீ பாக்கல, நான் பாத்தேன்."

"சூப்பர்வைசராண்ட சொல்லிட்டியா?"

"இல்ல. உன்னாண்டதான் சொல்றேன். காலைல அந்தக் குச்சிய நீயே எடுத்துடு. எடுக்கலன்னா, உன் எதிர்லயே அவராண்ட சொல்லுவேன்."

பஸ் திருமுல்லைவாயிலுக்கு வந்தது. மற்றவர் மெதுவாகக் கேட்டார்:

"எடுத்துட்டா வெட்டுற பீஸு கொறையும். சூப்பர்வைசரு ஏன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"நான் எடுக்கச் சொன்னேன்னு சொல்லு."