‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுத விடாத அக்காவுக்கு

கறை கண்டு கலங்காத கண்ணே! கணக்கில் கறாரும் கரத்தில் ஈரமும் கொண்ட எங்கள் சலவையகத்தின் தலைவியே! தெருக்கோடிவரை கேட்கும் குரலால் ‘வெண்கல அக்கா’ என வழங்கப்பெறும் பெருந்தகையீர்! வணக்கம்.

பணி நிறைவு விழா என்று வாசலில் பதாகை கட்டியிருக்கிறார்கள். நிறைவு யாருக்கு? பக்கத்தில் மாலையோடு அமர்ந்திருக்கும் தங்கள் தம்பி, இம்மடலைத் திருத்தித் தருவதாகச் சொல்லிக் கேட்டார். திருத்தாததையே வாசிக்கிறோம். அவர் மன்னிக்க வேண்டாம்.

ஒற்றை இயந்திரமும் உடைந்த தொட்டியுமாய் இருந்த கொட்டகை, மருத்துவமனைகளின் விரிப்புகளை வெளுக்கும் நிறுவனமாய் வளர்ந்ததற்கு முதலீட்டைச் சொல்வார்கள், இடத்தைச் சொல்வார்கள், ராசியைக்கூடச் சொல்வார்கள். நாங்கள் ஒரு கோட்டுத்துணியைச் சொல்கிறோம். மாப்பிள்ளையாகப் போகிறவரின் புதுக் கோட்டில் நம் இஸ்திரிப்பெட்டி ஓட்டை போட்டது. “துணியே மட்டம்னு சொல்லிடலாம்க்கா” என்றார் தம்பி. தாங்களோ மாப்பிள்ளை வீட்டுக்கே போய், அவர் அம்மா ஏசியதையெல்லாம் நின்று வாங்கிக்கொண்டு, “எரிச்சது நாங்கதாம்மா, புதுசு தைச்சுத் தர்றோம்” என்றீர்கள், தந்தீர்கள். ஏசியவர் ஒரு மருத்துவமனையின் தலைமைச் செவிலியர். முதல் வண்டி விரிப்புகளை அனுப்பியவரும் அவர்தான்.

போன மாதம் தம்பி வாசலில் ஒரு பலகை மாட்டினார்: ‘துணி சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ தாங்கள் கழற்றினீர்கள். அவர் மாட்டினார். மறுபடி கழற்றினீர்கள். உடனே, “அக்காவுக்கு வயசாயிடுச்சு, ரெஸ்ட் எடுக்கட்டும்” என்ற பேச்சு கிளம்பியது. பங்கு கூடுதல் அவருக்கு, ஆகவே அவர் சொல் அம்பலம் ஏறிற்று. கொதிகலன் பக்கத்திலேயே நின்று பழகிய எங்களுக்கே இந்த எரிச்சல் தாங்கவில்லை.

செந்தமிழில் இதற்குமேல் முடியவில்லை அக்கா. உங்கள்மேலும் கோபம்தான். தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்பீர்கள். ஆகாத வேலையை ஆகாது என்பீர்கள். எங்கள் தவற்றுக்கு உள்ளே எங்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, வெளியே போய் ‘என் தவறு’ என்பீர்கள். நம் வண்டிக்காரரை ஒருவர் ‘டேய்’ என்றதற்குத் தெருவில் இறங்கிச் சண்டை போட்டவர், தனக்கென்று வந்தபோது வாயை மூடிக்கொண்டதென்ன? தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். தம்பிக்கே அஞ்சினால் யார் என்ன செய்வது?

நூறாண்டு நோயின்றி வாழ்க! ஓய்வாக வாழ்க என்று மட்டும் வாழ்த்த மாட்டோம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தண்ணீர் வசதியோடு ஒரு காலி இடம். வாடகை பேசி முடித்தாயிற்று. உங்களைக் கேட்காமல் முடித்ததற்கு நாளைக் காலை அங்கே வந்து எங்களைத் திட்டுங்கள்.

இப்படிக்கு,
இன்றோடு இங்கிருந்து ஓய்வு பெறும்
சலவை, இஸ்திரி, வண்டிப் பணியாளர்கள் அனைவரும்