அக்தர் பானுவின் பாலாடைக்கட்டிகளை வெயிலில் வைத்தது குறித்து

என் பெயர் அம்பலவாணன், வயது 66, தகப்பனார் பெயர் சங்கரலிங்கம். ஆழ்வார்குறிச்சி கீழத் தெருவில் குடியிருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். யாரும் அழைக்காமல் நானே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் பக்கத்து வீட்டு அக்தர் பானு, பாளையங்கோட்டையில் பீர் முகம்மது நடத்தும் மளிகைக் கடைக்கு மட்டும் இரண்டு வருடமாகப் பாலாடைக்கட்டி செய்து கொடுக்கிறார். சவூதியில் பால் பண்ணையில் வேலை பார்க்கும் அவர் கணவர் செய்முறையைக் கேசட்டில் பேசி அனுப்பியிருந்தார். அதில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையைச் சேர்க்கச் சொல்லியிருந்தும், அத்தி மரத்துப் பாலை விட்டே பானு உறைய வைப்பார். காரணம் கேட்டதற்கு, "அப்பத்தான சார்வாள் நீங்களும் ஒரு துண்டு வாயில வைப்பிய" என்றார். நான் சைவம்.

3.5.1996 அன்று மகளின் பிரசவத்துக்காக மேலப்பாளையம் போகும்போது, பின்னறையில் இருந்த ஆறு கட்டிகளை என் பொறுப்பில் விட்டார். தினமும் ஒரு முறை புரட்டினால் போதும் என்றும், "மேல வெள்ளையா பூசணம் பூக்கும். அதுக்கு அதான் சட்டை. கழட்டிராதிய" என்றும் சொன்னார். ஐந்தாம் நாள் இரண்டு கட்டிகளில் பச்சைப் புள்ளிகள் கண்டேன். வெள்ளை என்றுதானே சொன்னார் என்று பயந்து, கடையில் அவர் பெயர் கெட்டுவிடுமே என்று நினைத்தேன். உதாரணமாக, எலுமிச்சை ஊறுகாயில் பூசணம் கண்டால் நம் வீடுகளில் வெயிலில் வைப்போம். (உதாரணங்களைக் குறைத்துக்கொள்ளும்படி எழுத்தர் கூறினார்.) அதன் பிறகு ஆறையும் உப்புத் தண்ணீரால் துடைத்து, மொட்டை மாடியில் வேட்டி விரித்து, காலை முதல் மாலை வரை வெயிலில் வைத்தேன். அவை நெய்யாகக் கசிந்தன. அதன் பிறகு பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். மறுநாள் கடை வேன் வந்து எடுத்துப் போனது. வெட்கத்தால் டிரைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கடையில் அதை வாங்கிய நமச்சிவாயம் என்பவர் வீட்டில் மூன்று பேருக்கு வாந்தி கண்டு, இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து, இப்போது நலமாக இருப்பதாக அறிகிறேன். அவர் கொடுத்த புகாரின் பேரில் இன்று பானுவை இங்கே அழைத்தார்கள். வழக்கு பதிவானால் இனிக் கட்டி வாங்குவதில்லை என்று பீர் முகம்மது சொல்லிவிட்டார். அப்படியிருந்தும், தான்தான் பதமாகச் செய்யவில்லை என்று பானு எழுதிக் கொடுத்திருக்கிறார். மேலப்பாளையத்திலிருந்து திரும்பிய அன்றே, என் வீட்டுக் கொடியில் எண்ணெய்க் கறையோடு காய்ந்த வேட்டியை அவர் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் கேட்காமல், பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொல்லிச் சர்க்கரை கொடுத்துவிட்டுப் போனார்.

நான் நிலையத்துக்குள் வந்ததும், "சார்வாள், நீங்க வீட்டுக்குப் போங்க. நாந்தான் எல்லாஞ் சொல்லிட்டம்லா" என்றார்.

"நீ சொன்னது தப்பான விடை, பானு. உக்காரு" என்றேன். உட்கார்ந்தார்.

ஆகவே கட்டிகள் கெட்டதற்கு நான் ஒருவனே காரணம். அவற்றைச் செய்ததில் பானு பக்கம் பிழை எதுவும் இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுதியதைக் கண்ணாடி போட்டு நானே படித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது.

(ஒப்பம்) ச. அம்பலவாணன்
17.5.1996